குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் ‘டக் டக்’ சத்தம்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

காலையில் சாவியைத் திருப்பியதும் பானட்டுக்குள் இருந்து டக் டக் என்று ஒரு சத்தம். பயந்துபோய் மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால், அங்கே இன்ஜின் அமைதியாக ஓடுகிறது. அவரும் பானட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு “ஒன்றும் இல்லையே” என்கிறார். மறுநாள் காலை மறுபடியும் அதே சத்தம்.

இந்த மாதிரி சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் தேடுவது, எங்கிருந்து வருகிறது என்பதை. நான் முதலில் கேட்பது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை. இன்ஜின் முழுக்க உலோகம். ஒரு மூலையில் தட்டினால் இன்னொரு மூலையில் கேட்கும். அதனால் இடத்தை நம்பித் தேடினால் சுலபமாக ஏமாந்துவிடுவோம். நேரம் அப்படி ஏமாற்றாது. ராத்திரி முழுக்கக் கீழே வடிந்த ஆயில் மேலே ஏறி நிரம்பச் சில விநாடிகள் போதும். உலோகம் சூடாகி விரிய சில நிமிடங்கள் ஆகும். ஆக, விநாடிகளில் நின்ற சத்தத்தை அடக்கியது ஆயில். நிமிடங்களில் நின்ற சத்தத்தை அடக்கியது சூடு. நிற்கவே இல்லை, அல்லது சூடானதும் கூடுகிறது என்றால் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். கீழே உள்ள பகுதிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

முந்தின இரவே செய்ய வேண்டியது

குளிர்ந்த ஸ்டார்ட் ஒரு நாளைக்கு ஒன்றுதான் கிடைக்கும். இன்ஜின் நன்றாக ஆற 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். இடையில் ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே’ என்று ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய வாய்ப்பு போயிற்று.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்துங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் சரியான கிரேடு ஆயிலை ஊற்றிச் சரிசெய்யுங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும் என்று சொல்ல ஆசைதான். ஆனால், குறைந்த ஆயிலோடு எவ்வளவு நாள் ஓடியது என்பதைப் பொறுத்தது அது. மேல்குறியைத் தாண்டி நிரம்பியிருந்தாலும் தப்புதான். பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருப்பதால், வால்வுக்கும் அதைத் திறக்கும் கேமுக்கும் நடுவே இருக்கும் டப்பெட்டுக்குள் சரியான அழுத்தம் நிற்காது.

அடுத்து, உங்கள் ஃபோனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, பானட் பக்கத்தில் ஒரு நிலையான இடத்தில் வையுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் வேண்டாம். சாவியைத் திருப்புவதற்கு முன்பே ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு விநாடிதான் சில கோளாறுகளுக்கு ஒரே சாட்சி. சாவியை இன்னொருவர் திருப்பட்டும். நீங்கள் வெளியே நின்று கேளுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்க வேண்டும். மூடிய ஷெட் என்றால் கதவை முழுக்கத் திறந்துவிடுங்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். ஆயில் விளக்கு எத்தனை விநாடியில் அணைந்தது, சத்தம் எப்போது தொடங்கியது, எப்போது குறைந்தது, எப்போது நின்றது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடியை எண்ணிப் பார்ப்பது

இதைப் பலரும் செய்வதில்லை, ஆனால் இதைவிட மலிவான சோதனை கிடையாது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். காலையில் இன்ஜின் 1200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1200 சுற்றில், ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் விநாடிக்கு 20 சுற்று, கேம் 10 சுற்று. சூடாகி 900க்கு இறங்கினால் 15, ஏழரை.

காதால் எண்ண முடியாத வேகம்தான். ஆனால் ரெக்கார்டிங்கை ஒலி அலையாகக் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் திறந்து, ஒரு விநாடித் துண்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ‘டக்’கும் ஒரு கூரான முள்ளாக நிற்கும். முட்களை எண்ணுங்கள். 1200 ஆர்பிஎம்மில் 10 முள் என்றால் கேம் கணக்கு. ஒரு வால்வு, ஒரு டப்பெட், ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கசிவு, ஒரு பிஸ்டன் சுவரில் தட்டுவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வரும். 20 முள் என்றால் கிராங்க் கணக்கு. ஃபிளைவீல், கிராங்க் புல்லி போன்றவை இதில் சேரும். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் இரண்டு மாதிரியும் ஒலிக்கலாம் என்பதால் அதை எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவுசெய்யாதீர்கள். ஆர்பிஎம்மோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், ஒழுங்கற்று வந்தால் அது பெரும்பாலும் தளர்ந்த தகடோ ஆடும் பிராக்கெட்டோதான்.

சாவியைத் திருப்பினால் வெறும் கிளிக் சத்தம், இன்ஜின் சுற்றவே இல்லை

இது இன்ஜின் சத்தமே இல்லை, மின்சாரக் கோளாறு. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கிளிக் கிளிக் கிளிக் என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் உப்பு பூத்து இணைப்பு சரியில்லை. ஒரே ஒரு கிளிக் மட்டும் கேட்டு அப்புறம் அமைதி என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார், அதன் சொலினாய்டு, தடித்த வயர்கள், எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். குளிரில் பேட்டரியின் பலம் குறையும், ஆயிலும் கெட்டியாகி இன்ஜினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும். அதனால்தான் மதியம் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் வண்டி காலையில் மக்கர் செய்கிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், நிறைவாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட் ஆன உடனே கடகட, 1 முதல் 3 விநாடியில் நின்றுவிடுகிறது

கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் உள்ள இன்ஜின்களில் இந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. ராத்திரியில் அதிலிருந்து ஆயில் வடிந்துவிட்டால், அழுத்தம் திரும்பி வரும்வரை செயின் தொய்ந்து மூடிக்குள் அடிக்கும். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு உள்ள இன்ஜினில், கேம் முனையில் இருக்கும் ஃபேசரின் பூட்டு தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி ஒரு சடசட வரும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆயில் ஃபில்டர். அதற்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். தரமற்ற ஃபில்டரில் அந்த ரப்பர் விறைத்துப்போய் மூடாது. காலையில் ஆயில் பம்ப் முதலில் அந்தக் காலி ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் மேலே போகும். ஃபில்டரை மாற்றிய கையோடு சத்தம் போயிற்று என்றால் சந்தோஷம்.

போகவில்லையா? வண்டியின் கணினியில் பதிவான கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0016 என்ற கோட் இருந்தால் கிராங்க்கும் கேமும் எதிர்பார்த்த நிலையில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள், செயின் நீண்டிருப்பதற்கு அது ஒரு நல்ல தடயம். கோட் இல்லாததால் மட்டும் செயின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. போன மாதம் 1 விநாடி இருந்த கடகட இந்த மாதம் 4 விநாடி இருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். அப்புறம் டென்ஷனர் செலவு சிலிண்டர் ஹெட் செலவாகிவிடும்.

இதே முதல் இரண்டு விநாடியில் கீழிருந்து கனமாக டொம் டொம் என்று இரண்டு மூன்று அடி மட்டும் கேட்கிறதா? அது செயின் இல்லை. ஆயில் வந்து சேரும்வரை கிராங்க் பேரிங் வெறும் இடைவெளியில் அடிக்கிறது. இதைப் பற்றி பிறகு வருகிறேன்.

மேலிருந்து மெல்லிய டிக் டிக், அரை நிமிடத்துக்குள் அடங்குகிறது

ஹைட்ராலிக் டப்பெட். உள்ளே இருக்கும் ஆயில்தான் வால்வுக்கும் கேமுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்கிறது. ஸ்பிரிங் அழுத்தத்தில் திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் டப்பெட்டிலிருந்து ராத்திரியில் ஆயில் பிதுங்கி வெளியேறும். காலையில் அது நிரம்பும்வரை தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம் வரும். சில விநாடிகளில் நின்றால், பல வருடங்கள் ஓடிய இன்ஜினில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நீள ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும்.

இங்கே ஆயில் கிரேடைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. ‘சத்தம் வருகிறது, கெட்டியான ஆயில் ஊற்றுங்கள்’ என்று யாராவது சொன்னால், சத்தம் எப்போது வருகிறது என்று கேட்டுவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். குளிரில் மட்டும் வரும் டிக் டிக் சத்தத்துக்கு 5டபிள்யூவிலிருந்து 20டபிள்யூவுக்குப் போனால், ஆயில் மேலே ஏற இன்னும் நேரமாகும், சத்தம் நீளும். வண்டியின் கையேட்டில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதைப் புதிதாக ஊற்றி, நல்ல ஃபில்டரும் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட டப்பெட் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஃபிளஷ் திரவங்களை நான் கடைசியாகத்தான் யோசிப்பேன். பழைய இன்ஜினில் ஒட்டியிருக்கும் கசடு மொத்தமாகக் கழன்று ஆயில் பம்பின் வலையை அடைத்தால், டப்பெட் சத்தத்தோடு போகவேண்டியது பேரிங்வரை போய்விடும்.

ஹைட்ராலிக் இல்லாமல் ஸ்க்ரூவோ ஷிம் என்ற மெல்லிய தகடோ வைத்து இடைவெளி அமைக்கும் டப்பெட் என்றால், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வைத்து அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்கு மாற்ற வேண்டும். அளவு குளிர்ந்த இன்ஜினுக்கா சூடான இன்ஜினுக்கா என்பதை முதலில் படியுங்கள், இரண்டும் வேறு. இந்த வகை இன்ஜினில் சத்தம் போடும் டப்பெட்டைவிட, முன்பு லேசாகச் சத்தம் போட்டு இப்போது திடீரென அமைதியாகிவிட்ட டப்பெட்டைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. இடைவெளி குறைந்துபோய் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் இருந்தால், அது கருகிவிடும்.

எந்த வால்வு என்று தெரிய நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வால்வு கவரில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேளுங்கள். மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. காயில், இக்னிஷன் வயர் மேல் உலோக நுனியை வைக்காதீர்கள், பல ஆயிரம் வோல்ட் அது.

அதே டிக் டிக், ஆனால் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் கூடுகிறது, சில நிமிடங்களில் மறைகிறது

டப்பெட் என்று நினைத்து அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். நானும் ஏமாந்திருக்கிறேன். என்னுடைய பழைய பெட்ரோல் காரில் தினமும் காலையில் மூன்று நிமிடம் டிக் டிக். ஒரு பட்டறையில் டப்பெட் அட்ஜஸ்ட் செய்தார்கள், சத்தம் அப்படியே இருந்தது. மறுபடி அட்ஜஸ்ட் செய்தார்கள், அப்போதும் அப்படியே. ஒரு நாள் விடியும் முன் டார்ச்சோடு உட்கார்ந்தேன். ஒரு முழ நீள ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாக, தொடாமல், மெதுவாக நகர்த்தினேன். முதல் சிலிண்டர், இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவது வாயில் பக்கம் வந்ததும் டிக் என்பது பொஸ் பொஸ் என்று மாறி, காதுக்குள் சூடாகக் காற்று அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், கேஸ்கெட் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை, விசிறி விரித்ததுபோல. அதற்கு மேலே, மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் ஒன்றின் நட்டையே காணோம். உடைந்து ஹெட்டோடு சமமாக நின்றது.

ஒவ்வொரு முறை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் அழுத்தத்தோடு வரும் புகை அந்த இடுக்கு வழியாகத் தெறிக்கிறது. அதனால்தான் கேம் கணக்கில், டப்பெட் மாதிரியே ஒலிக்கிறது. மேனிஃபோல்டு சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபட்டு, சத்தம் நின்றுவிடுகிறது. இரண்டையும் பிரித்தறிய நல்ல வழி, குளிர்ந்திருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று லேசாகத் தட்டிப் பார்ப்பது. டப்பெட் சத்தத்தின் வேகம்தான் கூடும், கனம் அதிகம் மாறாது. எக்ஸாஸ்ட் கசிவு என்றால் புகை அழுத்தம் கூடும் அந்த ஒரு கணத்தில் படபடவென்று பலக்கும்.

இன்ஜினை நிறுத்தி, ஆறிய நிலையில் இன்னொரு சோதனை செய்யலாம். வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் துணியால் சுற்றிப் பொருத்தி ஓடவிட்டு, மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. காற்று மட்டும் வெளியே தள்ளும் பக்கம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இழுக்கும் பக்கத்தை வைத்தால் சைலன்சரில் உள்ள ஈரமும் கரியும் கிளீனருக்குள் போய்விடும்.

‘மூன்று நிமிடத்தில் நின்றுவிடுகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று விடாதீர்கள். அந்தப் புகை கேபினுக்குள் வரக்கூடும். கசிவு ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால், வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் தப்பான கணக்குச் சொல்லி, தேவையில்லாமல் பெட்ரோல் கூடுதலாகப் போகும். உடைந்த ஸ்டட்டை எடுக்கும் வேலையைப் பழகிய கையிடம் கொடுங்கள். அவசரத்தில் துளைபோட்டு ஹெட்டின் மரையைக் கெடுத்துவிட்டால் வேலை பல மடங்காகும்.

பிளாக்கின் நடுவிலிருந்து மந்தமான டொக் டொக், சூடாகச் சூடாகக் கரைந்து போகிறது

மரக்கதவைத் தட்டுவதுபோல உள்ளீடற்ற ஒரு சத்தம். பிஸ்டன் ஸ்லாப் என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எனவே சூடான நிலையில் சிலிண்டருக்குள் சரியாகப் பொருந்த வேண்டிய அலுமினியப் பிஸ்டனைக் குளிரில் சற்றுச் சின்னதாகத்தான் வைக்க முடியும். இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தேய்ந்த இன்ஜினில் அது கூடிவிடும். எரியும்போது பிஸ்டன் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்ந்து தட்டுகிறது. சூடானதும் விரிந்து, இடைவெளி குறைந்து, சத்தம் அடங்குகிறது.

எந்த சிலிண்டர் என்று பார்க்க, சத்தம் வரும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டரின் இணைப்பாகக் கழற்றிப் போடலாம். எரிதல் நின்ற சிலிண்டரில் தட்டலும் தணியும். காயிலைக் கழற்றாமல் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால் அது உருகிவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், அப்புறம் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல், டீசல் இன்ஜின்களில் இந்த வேலையை ஸ்கேனர் வழியாகச் செய்வதுதான் பாதுகாப்பு. இன்ஜெக்டரில் அழுத்தமும் மின்னழுத்தமும் அதிகம்.

சரி, பிஸ்டன் ஸ்லாப்தான் என்று உறுதியாகிவிட்டது. என்ன செய்வது? இரண்டு மூன்று நிமிடத்தில் முழுசாக மறைகிறது, ஆயில் குடிக்கவில்லை, நீலப்புகை இல்லை, கம்ப்ரெஷன் சரியாக இருக்கிறது என்றால், ஒன்றும் செய்யத் தேவையில்லை. இப்படியே பல வருடங்கள் ஓடிய இன்ஜின்கள் உண்டு. காலையில் முதல் சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் பத்து நிமிடம் நிறுத்திச் சூடாக்குவதைவிட, அரை நிமிடம் கழித்து நிதானமாக ஓட்டினால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும், தட்டும் நேரமும் குறையும்.

பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கார்பன் கெட்டியாகப் படிந்திருந்தாலும் குளிரில் இதேபோல் தட்டும், சற்றுக் கூர்மையாக. ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைச் சுத்தம் செய்தால் சத்தம் போய்விடும் என்பதால், பிஸ்டன் என்று முடிவுகட்டி இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

கீழிருந்து கனமான தட்டல், சூடானாலும் போகவில்லை

இங்கே மட்டும் பதற்றப்படுவதில் நியாயம் இருக்கிறது. கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்தால் ஆயில் சூடாகி இளகும்போது சத்தம் கூடும். ஐடிலில் லேசாக இருக்கும். 2000, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றிச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விடும் கணத்தில் டடடட என்று சுத்தியல் அடிபோல வரும். ஆயில் விளக்கு ஐடிலில் மினுக்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வண்டியை நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கிராங்க்கைச் சுரண்டுகிறது. முற்றிப்போனால் ராட் உடைந்து பிளாக்கையே ஓட்டைபோட்டுவிடும்.

பட்டறையில் இரண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு கேஜ் பொருத்தி, குளிரிலும் சூட்டிலும் அழுத்தம் அளந்து கையேட்டோடு ஒப்பிடுவது ஒன்று. பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பார்ப்பது மற்றொன்று. வெயிலில் காட்டும்போது மடிப்புகளில் வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் உதிர்கிறது. இந்த இரண்டும் பார்க்காமல் ‘இன்ஜின் போயிற்று’ என்று சொல்பவரை நம்பவேண்டாம். ‘ஒன்றும் ஆகாது, ஓட்டுங்கள்’ என்று சொல்பவரையும்தான்.

டீசல் என்றால்

டீசல் இன்ஜின் குளிரில் கொஞ்சம் தட்டுவது அதன் இயல்பு. ஸ்பார்க் கிடையாது, அழுத்தி வரும் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். சிலிண்டர் குளிர்ந்திருந்தால் தெளித்த டீசல் பற்றக் கொஞ்சம் தாமதமாகும், சேர்ந்த டீசல் மொத்தமாகப் பற்றும்போது அடிக்கும். இது வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது, ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் குலுங்குகிறது, வெள்ளைப்புகை வருகிறது என்றால், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைப் பாருங்கள். இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் நல்ல பிளக் ஒன்றிரண்டு ஓம்தான் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. க்ளோ பிளக் எல்லாம் நன்றாக இருந்தும் ஒரே சிலிண்டர் மட்டும் ஓங்கி அடித்தால் அதன் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும்.

இன்ஜினுக்கு வெளியே இருந்து வரும் சத்தங்கள்

ஆல்டர்னேட்டர், டென்ஷனர் புல்லி, ஏசி கம்ப்ரசர் இவற்றைச் சந்தேகித்தால், இன்ஜினை நிறுத்தி வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் இல்லை என்றால் இன்ஜினுக்குள் தேட வேண்டாம். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் என்றால் நேரத்தை நீட்டாதீர்கள். கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா? அப்படியென்றால் ஃபிளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். தளர்ந்த ஸ்பார்க் பிளக்கும் எக்ஸாஸ்ட் கசிவு மாதிரியே சஃப் சஃப் என்று ஒலிக்கும். பிளக்கைச் சுற்றிக் கறை தெரியும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கினால் முடிந்தது.

சில சத்தங்கள் கோளாறே இல்லை. நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டரும் உயர் அழுத்த பம்ப்பும் எப்போதும் டைப்ரைட்டர்போலத் தட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்திய பிறகு சைலன்சர் பக்கம் டிங், டிங் என்று கேட்பது உலோகம் ஆறிச் சுருங்குவது.

மெக்கானிக்கிடம் எப்படிக் கொடுப்பது

வண்டியை மாலையே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். காலையில் அவர்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சாவியோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் இடம் மாற்றி நிறுத்த யாராவது ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். ரெக்கார்டிங்கையும் அனுப்புங்கள். “டப்பெட் சத்தம் வருகிறது” என்று சொல்லிவிட்டால் அவர் டப்பெட்டைத்தான் பார்ப்பார். அதற்குப் பதில் “ஸ்டார்ட் ஆனதும் தொடங்குகிறது, 3 நிமிடத்தில் நிற்கிறது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் கூடுகிறது” என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது இன்ஜின் சூடாகத்தான் இருக்கும். அப்போது சத்தம் இல்லை என்பதற்கு அர்த்தமே கிடையாது, வேலைக்கு முன்பும் சூட்டில் அது இல்லைதானே. மறுநாள் காலை, ஃபோனை அதே இடத்தில் வைத்து, அதே மாதிரி ஒரு ரெக்கார்டிங் எடுங்கள். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதற்கடுத்த இரண்டு காலையும் இப்படியே பாருங்கள். என் காரில் அந்த ஸ்டட்டை மாற்றிய பிறகு முதல் நாள் காலையில் ஒலி அலையைத் திறந்து பார்த்தேன். முட்கள் நின்ற இடத்தில் இன்ஜெக்டரின் சின்னச் சின்ன மேடுகள் மட்டும் இருந்தன.